சாவு வீட்டு அச்சாரம்

வாரத்துக்கு ஒருவராவது கூப்பிடுகிறார்கள். கடையில் நாற்காலிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருக்கும்போதோ, வண்டியில் இரும்புக் குழாய் ஏற்றுகிற சத்தத்துக்கு நடுவிலோ போன் அடிக்கும். "மேடம், ஆன்லைன் பேமென்ட்டுக்கு இப்ப எந்தக் கம்பெனி யூஸ் பண்றீங்க? எங்ககிட்ட அதைவிடக் கம்மி மேடம். நூத்துக்கு ரெண்டு ரூபாகூட வராது." குரலில் அப்படி ஒரு அக்கறை. என் கூடப் பிறந்த தம்பி இதுவரை என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

நான் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன். "பணம் கட்டினவரு செத்துப்போயிட்டா, நான் திருப்பிக் குடுக்கற பணம் யாரு கைக்குங்க போவும்?"

"மேடம்?" என்பார்கள். திரும்பக் கேட்பேன். சிலர் மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிடுவார்கள். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "அந்த மாதிரி கேஸெல்லாம் ரொம்ப ரேர் மேடம்" என்றார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. பக்கத்தில் நின்ற என் கணவர் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

ரொம்ப அபூர்வமாம். சாவு அபூர்வமாம். எந்த உலகத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள் இவர்கள்?

காரைக்காலில் பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை எங்களுடையது. வீடு கோவில்பத்தில். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் நாங்கள்தான். ஷாமியானாவில் தொடங்கி சீரியல் லைட், நாற்காலி, மேசை, பிரியாணி தேக்சா, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற சகன் தட்டு வரைக்கும் எல்லாம் உண்டு. குழாயும் கயிறும் கணவர் பொறுப்பு. பணம் என் பொறுப்பு. அவரைப் பொறுத்தவரை போன் என்பது பேசுவதற்கு மட்டும் ஆனது. அதிலிருந்து பணம் வரும் என்று இன்றைக்கும் அவர் முழுசாக நம்பவில்லை. பல நாள் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை.

முன்பெல்லாம் அச்சாரம் கைக்குக் கை மாறும். வெற்றிலை பாக்கோடு கொடுப்பவர்களும் உண்டு, பிஸ்மி சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. பிறகு கடை வாசலில் கியூஆர் அட்டை ஒட்டினோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் போனில் தட்டினால் என் கணக்கில் வந்து விழும். சிக்கல் வெளிநாட்டிலிருந்து வந்தது. எங்கள் ஊர்த் தெருக்களில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். கல்யாணத்தை நடத்துவது அவர்தான், வீடியோவில். "அந்த மஞ்சத் துணியைக் காட்டுங்க, லைட்டைப் போட்டுக் காட்டுங்க" என்று அங்கிருந்தபடியே பந்தலை முடிவு செய்வார். பணம் மட்டும் மச்சான் மூலமோ, ஊருக்கு வருகிற யாரோ ஒருவர் மூலமோ வர வேண்டும். ஒரு தடவை நல்ல பெரிய கல்யாணம் ஒன்று பக்கத்து ஊர்க் கடைக்குப் போய்விட்டது. ஏன் என்று விசாரித்தேன். அந்தக் கடையில் லிங்க் அனுப்புகிறார்களாம், அங்கிருந்தே கார்டில் கட்டிவிடலாமாம். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் இந்தக் கம்பெனிகளை ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இணையத்தில் இதற்கென்றே பக்கங்கள் இருக்கின்றன. இடது பக்கம் கம்பெனிகள், வலது பக்கம் கட்டங்கள், கட்டங்களுக்குள் பச்சை டிக். தொடங்கக் கட்டணம் இல்லை, வருடக் கட்டணம் இல்லை, மறைமுகக் கட்டணம் இல்லை என்று ஒரே இல்லைப் பாட்டு. ஒருவர் நூற்றுக்கு இரண்டு என்பார். அடுத்தவர் அதிலிருந்து ஐந்து பைசாவைக் குறைத்துக் காட்டுவார், ஆனால் ஒவ்வொரு முறைக்கும் தனியாகச் சில ரூபாய் வாங்குவார். கட்டணத்தின் மேல் வரி வேறு. அது எந்தக் கட்டத்திலும் இருக்காது, கீழே நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில் இருக்கும். வெளிநாட்டு அட்டை என்றால் நூற்றுக்கு மூன்று. பணம் என் கைக்கு வர இரண்டு வேலை நாள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் உண்டு, பந்தல் உண்டு, ஆள் கூலி உண்டு. அவர்களுக்கு மட்டும் வேலை நாள் இல்லை. உடனே வேண்டும் என்றால் அதற்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். என் பணத்தை என்னிடம் தருவதற்கு எனக்கே கட்டணம்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதில் சேர்வதற்குள் நான் பட்ட பாடு தனி. பின்கோடு போட்டவுடன் மாநிலம் என்ற இடத்தில் அதுவாகவே தமிழ்நாடு என்று வந்து நின்றது. நாங்கள் புதுச்சேரி. மாற்றினேன். பின்கோடும் மாநிலமும் பொருந்தவில்லை என்று சிவப்பில் வந்தது. சரி, தொலையட்டும் என்று தமிழ்நாடு என்றே விட்டேன். வரிச் சான்றிதழில் உள்ள முகவரியோடு பொருந்தவில்லை என்று விண்ணப்பத்தையே தள்ளிவிட்டார்கள். பிறகு ஒருவர் போன் செய்தார். "காரைக்கால், பாண்டில எந்த ஏரியா மேடம்? பீச் பக்கமா?" என்று கேட்டார்.

"பாண்டிலேர்ந்து ரெண்டு மாவட்டம் தாண்டணும்ங்க" என்றேன்.

"அப்ப தமிழ்நாடுதானே மேடம்?"

நான் பிறந்ததிலிருந்து கேட்டுவரும் கேள்விதான் என்பதால் அன்று சிரித்தேன். எப்படியோ வழி பிறந்தது, லிங்க் வந்தது, நானும் மற்றக் கடைக்காரர்களுக்குச் சளைத்தவள் இல்லை என்று ஆயிற்று.

அந்த லிங்க்கில் வந்த முதல் பெரிய அச்சாரம் வளைகுடாவில் மேற்பார்வையாளராக வேலை பார்த்த ஒருவருடையது. மூத்த பெண்ணுக்கு நிக்காஹ். நோன்புப் பெருநாள் கழித்து நாள் குறித்திருந்தார்கள். ஏற்கெனவே அவர் தம்பி கல்யாணத்துக்கும் நாங்கள்தான் பந்தல் போட்டிருந்தோம். வீடியோவில் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தெரு முழுக்கப் பந்தல் வேண்டும், ஆனால் பக்கத்து வீட்டு வேப்ப மரத்தில் ஒரு கிளைகூட ஒடியக் கூடாது என்பார். அந்த மரத்தை மட்டும் பல கோணத்தில் வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஐம்பதாயிரம் அச்சாரம் என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டிவிட்டார்.

"வந்துருச்சா தங்கச்சி?"

"வந்துருச்சுங்கண்ணே. ரெண்டு நாள்ல கைக்கு வந்துரும்."

"இதுல உங்களுக்கு ஏதும் புடிப்பானுவளா?"

"அது எங்க செலவுங்க. விடுங்க."

"அப்பிடியெல்லாம் விடக் கூடாது. எனக்கு சௌகரியம்னு நான் கார்டுல கட்டுறேன். நீங்க எதுக்கு நட்டப்படணும்? எவ்வளவு புடிச்சானுவோன்னு பாத்து வைங்க. வர்றப்ப நானே கையில தர்றேன்."

ஆயிரத்து எழுநூற்று எழுபது ரூபாய் பிடித்திருந்தார்கள், வரியோடு சேர்த்து. நான் அவரிடம் சொல்லவில்லை. வாங்குகிற எண்ணமும் இல்லை. இவ்வளவு யோசிக்கிற ஒரு மனிதருக்குப் பந்தல் போடுவதில் ஒரு சந்தோஷம் இருந்தது, அவ்வளவுதான்.

நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, தெருவை அளக்கப் போன என் கணவர் அளக்காமல் திரும்பி வந்தார். அந்த வீட்டு வாசலில் செருப்பாகக் கிடந்ததாம். உள்ளே பெண்கள் அழுகிற சத்தமாம். அவர் அங்கே, தங்கியிருந்த அறையில், தூக்கத்திலேயே இறந்துவிட்டார். அங்கேயே அடக்கம் செய்ய ஏற்பாடு நடக்கிறது என்றார்கள். என் கணவர் அளவு நாடாவைச் சுருட்டி மேசைமேல் வைத்தார்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு வாங்கிய அச்சாரம் இருக்கும்போது அந்த வீட்டில் சாவு விழுந்தால், அந்தப் பணம் கடையில் ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது. பந்தல்காரர், மைக்செட்காரர், சமையல்காரர் எல்லோரும் இந்தப் பக்கத்தில் அப்படித்தான். யாரும் கேட்க மாட்டார்கள். நாமாகப் போய்க் கொடுக்க வேண்டும். சுனாமி வந்த அந்த மார்கழியில் எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தை மாதக் கல்யாணங்களுக்காகக் கடலோரத்து மீனவர் ஊரான கிளிஞ்சல்மேட்டிலிருந்து வாங்கிய அச்சாரங்களை என் கணவர் ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு, ஆட்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தேடித் தேடிக் கொடுத்தார். ஒரு வீட்டில் அச்சாரம் கொடுத்தவர் இல்லை. அவர் தம்பி மட்டும் இருந்தார். அவர் கையில் வைத்தார். அதுதான் கணக்கு. கொடுத்தவர் கையில் இல்லை, வீட்டில் மிஞ்சியிருக்கிறவர் கையில்.

அந்தப் பழக்கத்தில் ஊறிய புத்திதான் அன்று என்னைக் கவிழ்த்தது. சாவுச் செய்தி கேட்டதும் எனக்கு ஒரே எண்ணம், பணம் இப்போதே திரும்ப வேண்டும். கணவர் ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார். "லிங்க்ல வந்தது, லிங்க்லயே போயிரும். ஒரு நிமிஷம்" என்றேன் பெருமையாக. அவர்கள் பிடித்த பணம் போகத்தான் என் கணக்குக்கு வந்திருந்தது. குறைந்ததை என் கையிலிருந்து சேர்த்து முழு ஐம்பதாயிரமாக்கி உள்ளே போட்டு, திருப்பியளி என்ற பொத்தானை அழுத்தினேன். பச்சை டிக் வந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. மனசார அப்பாடா என்றேன்.

சாயந்திரம் துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண்கள் சில மாதம் வெளியே வராமல், அந்நிய ஆண்களைப் பார்க்காமல் இருக்கிற காலம் அது. பெண்கள் போகலாம். உள்ளறையில் வெள்ளைச் சேலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "அச்சாரத்தை அனுப்பிச்சாச்சுங்கக்கா, அதைப் பத்தி நீங்க நெனைக்க வேணாம்" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே வந்தபோது அந்த அம்மாவின் அண்ணன் வாசலில் நின்றார். "அனுப்பிட்டீங்களாம்ல. எந்தக் கணக்குக்குங்க?" என்று கேட்டார்.

"அண்ணன் கட்டுன கார்டுக்கேங்க. அப்பிடித்தான் போவும்."

அவர் என்னையே பார்த்தார். "அந்தக் கணக்கை அங்க பூட்டிட்டானுவளேம்மா. ஆளு மவுத்து, இறந்துட்டாருன்னு அவரு வேலை பாத்த கம்பெனி எழுதிக் குடுத்த உடனே பேங்க்ல பூட்டிருவானுவோ. சம்பளமே உள்ள மாட்டிக்கிட்டு நிக்குது. கோர்ட்டு பேப்பர், வாரிசு பேப்பர் எல்லாம் போயி, அப்பறம் எப்ப தொறப்பானுவோன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

நான் செத்தவர் கைக்கே அனுப்பியிருக்கிறேன். வீட்டில் உயிரோடு இருக்கிற பெண்ணின் கைக்கு அனுப்பவில்லை. அந்த வாசலில் நின்றபடியே அந்தப் பொத்தானை அழுத்திய விரலை ஒடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது எனக்கு.

மறுநாள் கம்பெனியைப் பிடித்தேன். பிடித்தேன் என்று சொல்வது சுலபம். முதலில் வந்தது இயந்திரம். என் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்து, உங்கள் பிரச்சினை இந்த நான்கில் எது என்று கேட்டது. நான்கில் ஒன்றும் சாவு இல்லை. மற்றவை என்பதைத் தொட்டேன். உங்கள் பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்டு ஐந்து நட்சத்திரம் காட்டியது. போனைச் சுவரில் எறிந்திருப்பேன், புதுப் போன் வாங்க வேண்டுமே என்றுதான் விட்டேன். பல தடவை முயன்ற பிறகு ஒரு பெண் கிடைத்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பணத்தை நிறுத்தி என்னிடமே திருப்பிவிட முடியுமா, நான் அந்த வீட்டில் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"முடியாது மேடம். ரீஃபண்ட் போட்டா நிறுத்த முடியாது. எந்த கார்டுலேர்ந்து வந்துச்சோ அதே கார்டுக்குத்தான் போகும். இல்லாட்டி ஏமாத்துறவங்க புகுந்துருவாங்க மேடம்."

அது நியாயம்தான். யோசித்துப் பார்த்தால் நியாயமான விதிதான். யாரோ ஒருவர் கட்டிய பணத்தை இன்னொருவருக்கு மாற்றிவிட வழி இருந்தால் திருடர்களுக்குக் கொண்டாட்டம். புரிந்தது. புரிந்ததால் என் கோபம் ஒரு சொட்டுகூடத் தணியவில்லை.

"சரிம்மா. அப்ப நீங்க புடிச்ச ஆயிரத்து எழுநூத்து எழுபதையாவது திருப்பிக் குடுங்க. கல்யாணமே நடக்கலையே. பணமும் திரும்பிப் போயிருச்சே."

"அது ப்ராசஸிங் கட்டணம் மேடம். சேவை குடுத்தாச்சு. அது திரும்ப வராது."

"என்ன சேவை குடுத்தீங்க?"

"பணத்தை வாங்கிக் குடுத்தோம் மேடம்."

"நான் பந்தல்கடைக்காரி. கல்யாணம் நின்னுபோனா ஒரு பைசா வச்சுக்க மாட்டேன். துணி தச்சிருப்பேன், ஆளுக்கு முன்பணம் குடுத்திருப்பேன், இருந்தாலும் வச்சுக்க மாட்டேன். உங்களுக்கு அதுல என்னம்மா செலவு? ஒரு கம்பி நட்டீங்களா, ஒரு முடிச்சுப் போட்டீங்களா?"

அந்தப் பெண், "எனக்குப் புரியுது மேடம். ஆனா எனக்கு அதிகாரம் இல்ல" என்று மெதுவாகச் சொன்னாள். யார் பெற்ற பெண்ணோ, சம்பளத்துக்கு உட்கார்ந்து என்னைப் போன்றவர்களிடம் திட்டு வாங்குகிறாள். அவளைத் திட்டி என்ன ஆகப் போகிறது? யாருக்கு அதிகாரம் உண்டோ அவர் எந்த ஊரில் எந்த மாடியில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. என் கோபத்துக்குப் போய்ச் சேர ஒரு முகம்கூட இல்லை. என் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய திருடன் என்றால்கூட அவன் முதுகையாவது பார்த்திருப்பேன்.

போனை வைத்துவிட்டு அந்த ஒப்பீட்டுப் பக்கத்தைத் திரும்பவும் திறந்தேன். கட்டம் கட்டமாகத் தேடினேன். வாங்குவதற்கு எவ்வளவு என்பதை ஐந்து பைசா வரைக்கும் பிரித்துக் காட்டியிருந்தார்கள். திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. எல்லாக் கம்பெனிகளின் விதிமுறைகளையும் தனித்தனியே திறந்து படித்தேன். நான் பார்த்தவரையில் எல்லோரும் இதில் ஒற்றுமையாக இருந்தார்கள். இரண்டு ரூபாய்க்கும் ஒன்று தொண்ணூற்றைந்துக்கும் அடித்துக்கொள்கிறவர்கள், பிடித்ததைத் திருப்பித் தருவதில்லை என்பதில் கைகோத்து நின்றார்கள். பக்கத்தின் அடியில், இந்தக் கட்டுரை உங்களுக்குப் பயன்பட்டதா என்று கேட்டிருந்தது.

அதற்குள் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. பந்தல்கடை அம்மா திருப்பிட்டேன்னு சொல்லுது, வீட்டுக்கு ஒண்ணும் வரலையாம். நேரில் யாரும் கேட்கவில்லை. நெரவியிலிருந்து காதுகுத்துக்கு நாற்காலி சொல்ல வந்தவர், பேச்சுவாக்கில், "அச்சாரத்தை ரொக்கமா வாங்கிக்கிறீங்களா? ரொக்கம்னா எனக்கு நிம்மதி" என்றார். அவர் ஊர் வரைக்கும் சேதி போயிருக்கிறது. சாவு வீட்டுப் பணத்தைத் தின்றவள் என்ற பெயர் வந்துவிட்டால் இந்த ஊரில் எங்கள் பந்தலுக்குக் கீழ் யார் உட்காருவார்கள்? அந்தப் பேச்சு பேசியவர்கள் மேல்கூட எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் பேசியிருப்பேன்.

என் கணவர் சொன்னார், "நம்ம கையிலேர்ந்து குடுத்துருவோம்." புது நாற்காலி வாங்கச் சீட்டு எடுத்து வைத்திருந்தோம். அதிலிருந்து ஐம்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு போனேன். இத்தா அறைக்குள் அந்த அம்மா பணத்தைத் தொடவில்லை.

"நீங்கதான் அனுப்பிட்டீங்களே தங்கச்சி. ரெண்டு தடவை வாங்குனா ஹராமு."

"ஒரு தடவைகூட உங்க கைக்கு வரலையேக்கா."

"அவரு கணக்குல கெடக்குதுல்ல."

"அது தொறக்கறப்ப தொறக்கட்டும். வந்தா எனக்குக் குடுங்க. அதுவரைக்கும் இதை வச்சுக்குங்க. எனக்காக வச்சுக்குங்க. தெருவுல தலை நிமுந்து நடக்க முடியல."

கடைசியில் சொன்னதற்காகத்தான் வாங்கிக்கொண்டார். மறுநாளே அவர் அண்ணன் நாலு பேர் இருக்கிற இடத்தில், பந்தல்காரம்மா சல்லிக்காசு வைக்காமல் கொடுத்துவிட்டார் என்று சத்தமாகச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அங்கே முடங்கிய பணம் இன்றுவரை வரவில்லை. தாள்கள் போய்க்கொண்டிருக்கின்றன. அது வரும். எனக்கு அந்த ஐம்பதாயிரத்தைப் பற்றிப் பயமில்லை.

லிங்க்கை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். முடியாது. வெளியே இருப்பவர்களுக்கு அது வேண்டும். சரி, கட்டுகிறவரிடம் முன்கூட்டியே விவரம் கேட்டு வைக்கலாமா என்றால், கல்யாணப் பேச்சு பேசுகிற இடத்தில், நீங்க இல்லாட்டி யாருகிட்டங்க குடுக்கறது என்று கேட்கிற வாய் எந்தப் பந்தல்காரிக்கு இருக்கிறது? அதனால் இப்போது ஒன்று மட்டும் செய்கிறேன். சாவு என்றால் போனைத் தொடுவதில்லை. ரொக்கத்தை எடுத்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போகிறேன். என் கணவர் இதைச் சொல்லிக்காட்டுவதில்லை. சொல்லிக்காட்டினால் தேவலாம் என்றுகூடச் சில சமயம் தோன்றும்.

இத்தா முடிந்த பிறகு ஒரு நாள் காலையில் அந்த அம்மா கடைக்கு வந்தார். அண்ணன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார், இவர் மட்டும் உள்ளே வந்தார். பெண்ணின் நிக்காஹைப் பள்ளிவாசலிலேயே எளிமையாக வைத்துக்கொள்ளப் போகிறார்களாம், பந்தல் இல்லையாம். சகன் தட்டு மட்டும் கொஞ்சம் வேண்டும் என்றார். சரி என்றேன். அப்புறமும் எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு அவரு கட்டுன பணத்துல ஏதோ புடிச்சானுவளாமே, எவ்வளவுங்க அது?"

"உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"அவருதான். அன்னிக்கு என்கிட்ட பேசறப்ப சொன்னாரு. பந்தக்கடைத் தங்கச்சிக்கு கார்டுல நட்டம் வந்திருக்கும், வந்ததும் கையில குடுக்கணும், நான் மறந்தா நீ ஞாபகப்படுத்துன்னு."

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்கக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கு அவரு வாக்குக் குடுக்க மாட்டாரு."

"அது அவரு கடனே இல்லைங்க. கம்பெனிக்காரன் எடுத்தது."

"எவன் எடுத்தா என்ன? தர்றேன்னு சொன்னது இவருதானே?" என்றார். "கடனோட போனா ரூஹு மேல போவாம தொங்கிக்கிட்டு நிக்கும்ங்க. பெரிய கடனெல்லாம் எங்கண்ணன் விசாரிச்சு அடைச்சிட்டாங்க. இது ஒண்ணு எனக்கு மட்டும் தெரிஞ்சது. இத்தாவுல ஒக்காந்து தெனமும் இதைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். சொல்லுங்க, எவ்வளவு?"

என்னால் மறைக்க முடியவில்லை. சொன்னேன். அவர் பையைத் திறந்து நோட்டுகளை எடுத்தார். நான் அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டேன். வேண்டாம், வாங்க மாட்டேன், என்னைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று ஏதேதோ சொன்னேன். அழுகையா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை. எங்கோ ஒரு மாடியில் எவனோ எழுதிய விதிக்கு, மாதக்கணக்காக ஒரு பெண் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்து புருஷனின் உயிர் தொங்குகிறதே என்று பயந்துகொண்டு இருந்திருக்கிறார். சேவை குடுத்தாச்சு மேடம் என்றார்களே, இதுதான் அந்தச் சேவை.

"வாங்க மாட்டீங்கன்னா கடனைப் பொறுத்துட்டேன்னு சொல்லுங்க" என்றார் அவர். "மனசுல நெனச்சா பத்தாது. வாயால சொல்லணும்."

எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆயிரத்து எழுநூற்று எழுபதும் அந்தக் கம்பெனியும் என் மனசில் ஒன்றாகவே ஒட்டிக்கிடந்தன. பொறுத்துவிட்டேன் என்று சொன்னால் அவர்களையும் சேர்த்துப் பொறுத்ததாக ஆகிவிடுமோ என்றிருந்தது. எதிரே அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறுத்துட்டேன்க்கா" என்றேன்.

"முழுசா?"

"முழுசா. அண்ணன் எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்லை."

அவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். துக்க வீட்டில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சகன் தட்டுக்கு வாடகை எவ்வளவு என்று கேட்டு, நான் எவ்வளவு மறுத்தும் அதை எண்ணி வைத்துவிட்டு, அண்ணனின் வண்டியில் ஏறிப் போனார்.

ஒரு ரூபாய்கூடக் கடன்படாத மனிதரைப் பொறுத்தாயிற்று. எடுத்தவர்கள் யாரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. கேட்டாலும் அந்த வார்த்தை என் வாயில் வராது.